தம்மம்பட்டிக்கு முப்பத்தாறு

ராசிபுரம்
3.8.2025

அன்புத் தம்பி மதனுக்கு, அக்கா உஷாராணி எழுதறது.

இங்க ஊட்டுல எல்லாரும் சுகம். ஜேடர்பாளையத்துல அப்பா அம்மாவும் சுகம். வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்க, அப்பாவைக் கையில புடிக்க முடியலை. உன் ஒடம்பு எப்படி இருக்குது, கப்பல்ல சோறு போடறாங்களா ரொட்டி போடறாங்களான்னு எழுது. போன் பேசுனாப் பாதியில அறுந்து போகுது, மெயிலுதான் ஒழுங்கா வருதுன்னு சொன்னே. அதனால கடுதாசி எழுதற மாதிரியே உக்காந்து எழுதறேன்.

உன் மவ பொறந்து ரெண்டு வாரம் ஆச்சு. பத்து மாசம் பொறுக்காம ஏழாம் மாசத்துலயே வந்துட்டா, உன்னையாட்டவே அவசரக்காரி. சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கா. என் உள்ளங்கையில படுக்க வச்சா முழங்கை வரைக்கும் வர மாட்டா. ஷாலினி எந்திரிச்சு நடக்கறா. மத்ததை அவளே எழுதியிருப்பா.

இப்ப என் வேலை விசயம். நீ கடலுக்கடியில கேபிள் அறுந்தா ஒட்டவைக்கற கப்பல்ல நெட்வொர்க் பாக்கறவன். உன்னைக் கேக்காம யாரைக் கேக்கறது? எங்க கண் ஆஸ்பத்திரிக்குச் சேலம், நாமக்கல், ராசிபுரம், தம்மம்பட்டின்னு நாலு எடம். நான் கேமராவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டு நாளுக்கு ஒரு ஊர் போறேன். குறைமாசத்துல பொறந்த புள்ளைங்க கண்ணுக்குள்ள படம் எடுக்கறேன். அந்தப் படத்தைச் சேலத்துல இருக்கற வித்யா டாக்டர் பாத்து, இந்தப் புள்ளைக்கு லேசர் வேணும், இதுக்கு வேண்டாம்னு சொல்லோணும். போன மாசம் நாலு எடத்தையும் லைன் போட்டு ஒண்ணாச் சேத்துட்டாங்க. தேங்காய் ஒடைச்சுப் பூசையெல்லாம் போட்டாங்க.

ஆனா சேலத்தை உட்டு லேப்டாப்பு வெளிய வந்தா ஒண்ணும் ஆகறதில்லை. படம் போகறதே இல்லை. தம்மம்பட்டியில நான் லேப்டாப்பைச் சொருகுனா, சீட்டு போடற கம்ப்யூட்டரும் சேந்து நின்னு போகுது. சீட்டு போடற புள்ளை நித்யஸ்ரீ என்னைக் கண்டாலே "அக்கா வந்துட்டீங்களா"ன்னு தலையில கை வைக்கறா. இப்பவும் பெண்டிரைவுல ஏத்தி, கவர்ல போட்டு, சேலம் பஸ் கண்டக்டர் கையிலதான் குடுத்துவிடறேன். போன வாரம் ஒரு கவர் ஆத்தூர்ல எறங்கிப்போச்சு. பதில் எழுது.

அன்புடன்,
அக்கா.

கப்பலில் இருந்து
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு மதன் எழுதுவது. நலம். மச்சானைக் கேட்டதாச் சொல்லு. இங்க சோறும் போடறாங்க, ரொட்டியும் போடறாங்க, ரெண்டுலயும் உப்பு இல்லை.

நீ சொன்னதைப் படிச்சதும் ஒரு சந்தேகம் வந்து, உங்க ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கற அன்பரசுக்கு மெயில் போட்டு நாலு எடத்து நம்பரையும் வாங்கிப் பாத்தேன். சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை. நாலு எடத்துலயும் ஒரே நம்பர். 192.168.9. யாரக்கா அந்த ஒம்பது பைத்தியம்?

கம்ப்யூட்டர் ஒண்ணோட ஒண்ணு பேசோணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் வேணும். ஐ.பி. அட்ரஸ்னு சொல்றது அதைத்தான். உங்க நம்பர்ல முதல் மூணு பாகம் தெரு, கடைசி பாகம் கதவு. சேலத்துல படம் வாங்கற கம்ப்யூட்டர் ஒம்பதாந் தெருவுல ரெண்டாம் நம்பர் வீடு. நீ தம்மம்பட்டிக்குப் போனா அங்கயும் ஒம்பதாந் தெருதான். அந்தத் தெருவுல ஒம்பதாம் நம்பர் வீடு நித்யஸ்ரீ கம்ப்யூட்டர். உன் லேப்டாப்பு சேலத்துக்குப் போகோணும்னு நினைக்கவே நினைக்காது. இதே தெருதானேன்னு அங்கயே ரெண்டாம் நம்பரைத் தேடிக்கிட்டு நிக்கும். அது போதாதுன்னு உன் லேப்டாப்புக்கும் கையால ஒரு நம்பரை எழுதி வச்சிருக்காங்க. அதுவும் நித்யஸ்ரீயோட அதே ஒம்பது. ஒரே கதவுக்கு ரெண்டு பேர் வந்து நின்னா ரெண்டு பேருக்கும் தபால் கிடைக்காது.

நாலு எடத்துக்கும் நாலு தெரு நம்பர் வைக்கோணும். வேற வழியே இல்லை. யார்கிட்டக் கேக்கோணுமோ கேளு. வேற விசேசம் இல்லை.

அன்புடன்,
மதன்.

ராசிபுரம்
21.8.2025

அன்புத் தம்பிக்கு, அக்கா. நாங்க சுகம், உன் சுகத்துக்கு எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி.

ஒம்பது பைத்தியம்னு எழுதுனியே, அவர் எங்க பெரிய டாக்டர் தங்கசாமி. நாமக்கல்காரர். அவங்கப்பா ஓட்டுன முதல் லாரி நம்பருக்குக் கூட்டுத்தொகை ஒம்பது. அதுல இருந்துதான் குடும்பமே மேல வந்துச்சுன்னு நம்பறவர். கார் நம்பர் ஒம்பது, ரூம் நம்பர் ஒம்பது. நெட்வொர்க் போட வந்தவங்ககிட்டயும் எல்லா ஊர்லயும் ஒம்பதுதான் வரோணும்னு சொல்லிட்டார். நாலு ஊருக்கும் நாலு வேற ஆளுங்க வந்து போட்டாங்க. யாரும் மறுத்துப் பேசலை.

நான் போய் மெதுவாச் சொன்னேன். "ஏம்மா, சரியாத்தானே ஓடிக்கிட்டிருக்குது"ன்னார். "தனித்தனியா இருந்தவரைக்கும் ஓடுச்சுங்க டாக்டர், ஒண்ணாச் சேத்ததும் நின்னுபோச்சுங்க"ன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. வெளிய வந்துட்டேன். பஸ்ல வரும்போதுதான் தோணுச்சு. மறுநாள் போய், "சேலத்துக்கு ஒம்பதையே வச்சுக்கலாங்க. நாமக்கல்லுக்குப் பதினெட்டு, ராசிபுரத்துக்கு இருபத்தேழு, தம்மம்பட்டிக்கு முப்பத்தாறு. எதைக் கூட்டுனாலும் ஒம்பதுதானுங்க"ன்னேன். மனுசன் விரல் விட்டுக் கூட்டிப் பாத்தார். எந்திரிச்சு நின்னு, "நல்லா இரு சாமி"ன்னார். அன்பரசு வெளிய நின்னு சிரிக்க முடியாமத் திணறிட்டான். அடுத்து என்ன செய்யோணும்னு சொல்லு.

அப்புறம் ஒண்ணு. நீ கேக்கலை, நானே சொல்றேன். பாப்பா ஒண்ணரைக் கிலோ ஆயிட்டா. மாசக் கடைசியில ஊட்டுக்கு உட்டுருவாங்க. தலைப்பிரசவம் தாய் ஊடுன்னு தம்மம்பட்டிக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க. அங்க அவ கண்ணை நான்தான் வாராவாரம் பாக்கோணும். பயமுறுத்தறதுக்கு இல்லை, தெரிஞ்சுக்கோ. கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் எல்லாம் கடைசி மாசங்கள்லதான் ஓரம் வரைக்கும் வளந்து சேரும், நம்ம வாய்க்கால் தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேர்ற மாதிரி. முந்திப் பொறந்த புள்ளைக்குப் பாதியில நின்னுரும். சிலதுக்கு அது தன்னால வளந்துரும். சிலதுக்குக் கோணல்மாணலா வளந்து விழித்திரையையே புடுங்கிரும். புடுங்குனா ஆயுசுக்கும் இருட்டுதான். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் கிடைக்கும். அந்த நாளைத் தவற உடாம லேசர் வச்சா பொழைச்சுக்கும். அதனாலதான் படம் பஸ்ல போகறது எனக்கு ஆகறதில்லை.

அக்கா.

கப்பலில் இருந்து
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு, மதன். இங்க நலம், அங்க நலமா? காத்து அதிகம், கப்பல் ஆடிக்கிட்டே இருக்குது.

பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு. இந்தத் தொழில்ல இவ்வளவு வருசம் இருந்துட்டேன், இப்படி ஒரு கணக்கை நான் யோசிச்சிருக்கவே மாட்டேன். அதையே வச்சுருவோம்.

அடுத்து உன் லேப்டாப்பு. அதுக்கு எந்த நம்பரையும் கையால எழுதாதீங்க. எடம் உட்டு எடம் போகாத சாமான்களுக்கு மட்டும் நிலையான நம்பர். பிரிண்டர், சேலத்துக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஊர் சுத்தறதுக்கு ஊருக்கு ஊர் நம்பர் குடுக்கறதுக்குன்னே ஒரு பெட்டி இருக்கோணும். அன்பரசுகிட்ட விவரமா எழுதிட்டேன், அவருக்குப் புரியும். ஆனா உனக்கு ஒண்ணு சொல்லோணும்னு ஆசை.

லேப்டாப்பு ஒரு புது ஆபீசுக்குள்ள வருது. அதுக்கு அங்க நம்பர் கிடையாது, யாரையும் தெரியாது. நம்பர் குடுக்கற பெட்டி எங்க இருக்குதுன்னுகூடத் தெரியாது. அதனால அந்த ஆபீசு பூராவுக்கும் கேக்கற மாதிரி ஒரே ஒரு கூப்பாடு போடுது, யாராச்சும் இருக்கீங்களான்னு. எல்லாரும் கேக்கறாங்க, பதில் சொல்ல வேண்டியது மட்டும் சொல்லுது. இந்தா, இது காலியா இருக்குது, வச்சுக்கறயா? வச்சுக்கறேன். சரி, இன்னிக்கு வேலை முடியற வரைக்கும் உனக்கு. நாலே பேச்சு. நீ கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சு போகும். பாதி நேரம் போனதும் அதுவே போய், இன்னும் சித்தெ இருந்துக்கறேன்னு கேட்டு நீட்டிக்கும். முதல்ல நேத்து இருந்த ஊரோட நம்பரைத்தான் கேக்கும். அது இந்தத் தெருவுது இல்லைன்னு சொன்னா சண்டை போடாது, உட்டுட்டுப் புதுசை வாங்கிக்கும்.

இப்ப நீ இதைப் படிக்கற நேரத்துல உலகத்துல எத்தனை கோடி எடத்துல இது நடக்குதுன்னு யோசிச்சுப் பாரு. யாரும் பாக்கறதில்லை. எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்குது அக்கா.

நம்பர் மாறிக்கிட்டே இருந்தா வித்யா டாக்டர் உன் லேப்டாப்பை எப்படிக் கண்டுபுடிப்பாங்கன்னு கேப்பே. அதுக்கு ஒரு பேரு வையி. பேரு எங்க போனாலும் மாறாது. எந்தப் பேருக்கு இன்னிக்கு எந்த நம்பர்னு சேலத்துல இருக்கற ஒரு கம்ப்யூட்டர் பாத்துக்கும்.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

மதன்.

ராசிபுரம்
6.9.2025

அன்புத் தம்பிக்கு, அக்கா. சுகம். ஒறம்பரை வந்து வந்து ஊடு நெறைஞ்சு கிடக்குது, அதான் உடனே எழுத முடியலை.

ஞாயித்துக்கிழமை நானும் அன்பரசும் நாலு ஊரும் சுத்தி எல்லாத்தையும் மாத்திட்டோம். லேப்டாப்புக்கு ஊர்சுத்தின்னு பேரு வச்சேன். அன்பரசு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுட்டு, "யக்கா, உங்க பேரையே வச்சுட்டீங்க"ன்னு சொல்றான்.

திங்கக்கிழமை நாமக்கல். கேமராவை வச்சுட்டு லேப்டாப்பைத் தெறந்தேன். யாரும் எதையும் தட்டலை, எழுதலை. நீ சொன்ன நாலு பேச்சும் நான் பாக்கப் பாக்கவே முடிஞ்சிருச்சு போல. 18ன்னு நம்பர் வந்து உக்காந்திருந்துச்சு. படத்தை அனுப்புனேன். நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள வித்யா டாக்டர் போன் பண்ணி, "உஷா, எடது கண்ணு ஒண்ணு இன்னும் கொஞ்சம் மேல எடு"ங்கறாங்க. மதனு, நான் அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பாத்த நர்சு பிள்ளைங்க சிரிச்சுச்சுங்க. சிரிக்கட்டும். கண்டக்டர் கையில கவரைக் குடுத்துட்டு, போய்ச் சேரோணும் சாமின்னு நிக்கறது எனக்குத்தானே தெரியும்.

வியாழக்கிழமை தம்மம்பட்டி. 36 வந்துச்சு. அன்னிக்குத்தான் பாப்பாவை ஷாலினி தூக்கிக்கிட்டு வந்தா. சம்பந்தியம்மா, "ரெண்டு மாசம் கூட ஆகலை, பச்சைப் புள்ளை கண்ணுல கம்பியை வைக்கறீங்களே"ன்னு அழுதாங்க. ஷாலினிதான் என்னைக் காட்டி, "நங்கை பாத்துக்குவாங்க, நீ சும்மா இரு"ன்னு அடக்குனா. சக்கரைத் தண்ணியை நாக்குல தொட்டு வச்சுட்டு இமையைப் பிரிச்சேன். ரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரைக்கும் போகலை. போற எடத்துல ஒரு சின்ன வரப்பு மாதிரி தெரியுது. அடுத்த வாரமும் பாக்கோணும்னு வித்யா டாக்டர் சொல்லிட்டாங்க.

நீ எழுதுன மூணு பக்கத்துல புள்ளையைப் பத்தி ஒரு வரி இல்லை. எட்டு ஊர்க் கம்ப்யூட்டர் எப்படிக் கூப்பாடு போடுதுன்னு எழுதத் தெரியுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. ஷாலினிக்கு எழுதற மெயில்லயும் அதேதானாம், ஒடம்பைப் பாத்துக்கோ, மாத்திரை சாப்பிடுன்னு. அவ என்கிட்டக் காட்டி, "இவருக்கு வேண்டாத புள்ளையாங்க நங்கை"ன்னு கேட்டா. நான் என்ன சொல்லட்டும்?

அக்கா.

கப்பலில் இருந்து
10.9.2025

அன்புள்ள அக்காவுக்கு, மதன். நலம்.

நேத்து கடலடியில இருந்து கேபிளை மேல எடுத்தோம். ரெண்டு கிலோமீட்டர் ஆழம். மேல பூராச் சேறும் சிப்பியும். தோலை உரிச்சு, கம்பியை உரிச்சு, செம்பை உரிச்சுக் கடைசியில பாத்தா தலைமுடி கனத்துல கண்ணாடி நூல். அதுக்குள்ள வெளிச்சம் மட்டும் ஓடுது. உலகத்துப் பேச்செல்லாம் அந்த வெளிச்சம்தான். கையில புடிச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒடைஞ்ச எடத்தை ஒட்டவைச்சு மறுபடி எறக்கிட்டோம்.

அன்பரசு கேட்டிருந்தார். லேப்டாப்புல 169.254ன்னு தொடங்கற நம்பர் எப்பவாச்சும் வந்தா, கூப்பாடு போட்டுப் பாத்துட்டு யாரும் பதில் சொல்லலைன்னு அர்த்தம். பதில் வராததால தனக்குத் தானே ஒரு நம்பரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். பாக்க நல்லாத்தான் இருக்குற மாதிரி இருக்கும், ஆனா யாரோடயும் பேச முடியாது. அப்படி வந்தா நம்பர் குடுக்கற பெட்டியைத்தான் பாக்கோணும்.

ஷாலினிகிட்ட நான் எழுதறேன்னு சொல்லு.

மதன்.

சேலம்
19.9.2025

தம்பிக்கு, அக்கா எழுதறது. உன் சுகத்தை அப்புறம் கேக்கறேன். லேசர் ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து போன்ல அடிக்கறேன். பாப்பா உள்ள இருக்கா. ஷாலினி என் பக்கத்துல.

நேத்து வியாழக்கிழமை. போன வாரமே வரப்பு கொஞ்சம் கனத்திருந்துச்சு, உனக்கு எழுதலை. நேத்துப் படம் எடுக்கும்போதே பாத்துட்டேன். குழாயெல்லாம் பொடைச்சு, புழு நெளியற மாதிரி இருக்குது. இத்தனை வருசத்துல பாத்த படங்கள்ல அப்படி இருந்தா அது என்னன்னு எனக்குத் தெரியும். அனுப்பற பட்டனைத் தட்டுனேன். போகலை. மறுபடி தட்டுனேன். நம்பரைப் பாத்தா 169.254.

அன்னிக்குத் தம்மம்பட்டியில பக்கத்துப் பிரசவ வார்டுல ஒரு ஊட்டுக்கு ரெட்டைப் புள்ளை. ரெண்டு வேன்ல ஒறம்பரை. பாக்க வர்ற எல்லாருக்கும் நித்யஸ்ரீ வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிக் குடுத்திருக்கா. அன்னிக்கு மட்டும் இல்லை, ஒரு வாரமாவே. ஏன் குடுத்தேன்னா, "ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம இருப்பமாங்க அக்கா, இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க"ங்கறா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரலை. நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்.

நாமக்கல்ல இருந்த அன்பரசுக்குப் போன் போட்டேன். அங்க இருந்தே தம்மம்பட்டிப் பெட்டியைத் தெறந்து பாத்தான். "யக்கா, குடுக்கறதுக்கு ஒரு நம்பர் இல்லை. பூரா போனுங்க. போனவாரம் வந்துட்டுப் போனவங்க நம்பரைக்கூட இன்னும் அவங்க பேர்லயே வச்சிருக்குது. ஒருதடவை குடுத்தா எட்டு நாளைக்குன்னு இருக்குது, நான் மாத்தாம உட்டுட்டேன்"னான். எல்லாத்தையும் அழிச்சுடறேன், ஆனா இருக்கற போனுங்க மறுபடி புடுங்கிக்கும், முதல்ல அதுங்களை நிறுத்துங்கன்னான்.

நான் வராந்தாவுல போய் நின்னேன். கையைக் கூப்பிச் சொன்னேன். "ஏனுங்க, எல்லாரும் சித்தெ உங்க போன்ல வைஃபையை நிறுத்துங்க. உள்ள ஒரு புள்ளையோட கண்ணு போகோணும் சேலத்துக்கு." என்னன்னு ஒருத்தரும் கேக்கலை. முப்பது நாப்பது பேர் இருப்பாங்க. கெழவங்க போனை வாங்கிப் பசங்க நிறுத்திக் குடுத்தாங்க. மஞ்சத்தண்ணி எடுத்துக்கிட்டு வந்த அம்மா தட்டைக் கீழ வச்சுட்டு நின்னுச்சு. ஒரு பெரியவர் போனை முழுசா அணைச்சு, கையில வச்சுக்கிட்டு, சாமி கும்பிடற மாதிரி கண்ணை மூடிட்டார். அந்த வராந்தா அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததில்லை.

உள்ள வந்தேன். அன்பரசு அழிச்சுட்டான். லேப்டாப்புல நம்பர் மாறுச்சு. 192.168.36. படம் போச்சு.

கொஞ்ச நேரத்துல வித்யா டாக்டர் கூப்பிட்டாங்க. "உஷா, இது யார் குழந்தை?" "என் தம்பி குழந்தைங்க." அப்புறம், "இன்னிக்குப் பொழுதோடயே சேலத்துக்குக் கூட்டிட்டு வந்துரு. காலையில முதல் கேஸ்"னாங்க. சம்பந்தியம்மா இப்ப அழலை, அவங்களே பையைக் கட்டிக் குடுத்தாங்க.

லேசர் முடிஞ்சு கூட்டிட்டு வர்றாங்க. நிறுத்தறேன்.

கப்பலில் இருந்து
20.9.2025

அக்கா,

என் புள்ளைக்குக் கண்ணு தெரியுமா?

நான் இத்தனை நாள் கேக்காதது இதைத்தான். கேட்டா நீ பதில் சொல்லிருவே. நீ பொய் சொல்றவ இல்லை. அந்தப் பயத்துல நம்பர், தெரு, பெட்டின்னு எழுதிக்கிட்டே இருந்தேன். வேண்டாத புள்ளையான்னு ஷாலினி கேட்டதைப் படிச்ச நாளுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை. அவளுக்கு நேத்து எல்லாத்தையும் எழுதிட்டேன்.

அந்த வராந்தாவுல போனை அணைச்சவங்க ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. கப்பல் மேல்தட்டுல நின்னு, தம்மம்பட்டி எந்தத் திக்குன்னு தெரியாம, குத்துமதிப்பா ஒரு திக்கைப் பாத்துக் கும்பிட்டேன்.

பதில் எழுது. எதுவா இருந்தாலும் எழுது.

மதன்.

கப்பலில் இருந்து
30.9.2025

அக்கா, நலமா? நீ எழுதலை. ஷாலினியும், நங்கை எழுதுவாங்கன்னு மட்டும் சொல்றா. கான்ட்ராக்ட் டிசம்பர் வரைக்கும், நடுவுல எறங்க உட மாட்டேங்கறாங்க. தினமும் மெயிலைத் தெறந்து பாத்துட்டு மூடறேன்.

மதன்.

ராசிபுரம்
4.10.2025

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதறது. எல்லாரும் சுகம். ஒடம்பைக் கெடுத்துக்காதே, ஒழுங்காச் சாப்பிடு.

வேணும்னுதான் எழுதலை. தெரியாததை எழுதி என்ன பண்ணறது? தெரியும்னு எழுதிட்டு நாளைக்கு இல்லைன்னு எழுத என்னால ஆகாது சாமி. நேத்துத்தான் மறுபடி பாத்தோம். லேசர் வச்ச எடம் நல்லாத் தழும்பு ஆயிருச்சு. பொடைச்ச குழாயெல்லாம் வத்திப்போச்சு. திரை ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குது. வித்யா டாக்டர், "ஒரு வாரம் பிந்தியிருந்தா என்கிட்ட வந்து பிரயோசனமே இல்லை"ன்னாங்க.

ஆனா நீ கேட்டது திரை ஒட்டியிருக்குதான்னு இல்லை. அவ பாக்கறாளான்னுதானே? அதை இப்பச் சொல்ல முடியாது. இந்த மாதிரி புள்ளைங்க முகம் பாத்துத் தொடர இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் எனக்கும் உன் கதிதான். நானும் வெசனத்துலதான் இருக்கேன், ஷாலினி முன்னாடி காட்டிக்கறதில்லை. நீயும் காட்டிக்காதே. தினமும் அவளுக்கு எழுது.

தம்மம்பட்டியில ஒறம்பரைக்குன்னு தனியா ஒரு வைஃபை போட்டுட்டான் அன்பரசு, ஒரு மணி நேரத்துக்கு மேல நம்பர் நிக்காது. பெரிய டாக்டர் அதுக்கு நாப்பத்தஞ்சாந் தெருன்னு அவரே நம்பர் குடுத்தார்.

அக்கா.

கப்பலில் இருந்து
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு, மதன். நலம், உங்க நலத்துக்கு ஆசை. தினமும் எழுதறேன். ஷாலினி முந்தாநாள் ஒரு வரி எழுதியிருந்தா, "இன்னிக்கு ஜன்னல் பக்கம் திரும்புன மாதிரி இருந்துச்சு"ன்னு. மாதிரிதானா, நெசமாவான்னு கேட்டேன். தெரியலைங்கறா. நீ போய்ப் பாத்துட்டு எழுது. டிசம்பர் பதினாறாந் தேதி கொச்சியில எறங்கறேன். ஷாலினி கேட்டான்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், உனக்கும் இதோட வச்சிருக்கேன்.

மதன்.

தம்மம்பட்டி
30.11.2025

அன்புத் தம்பி மதனுக்கு, அக்கா உஷாராணி எழுதறது. நான் சுகம், மச்சான் சுகம், அப்பா அம்மா சுகம். ஷாலினி சுகம். எழுதிட்டேன், இனி விசயத்துக்கு வாரேன்.

ஞாயித்துக்கிழமை, வேலை இல்லை. கேமரா இல்லை, லேப்டாப்பு இல்லை, வெறுங்கையோட வந்தேன். பாப்பா பாயில மல்லாக்கப் படுத்திருந்தா. நான் குனிஞ்சேன். சத்தம் போடக் கூடாது, குரலுக்குத் திரும்பறாளோன்னு சந்தேகம் வந்துரும்னு வாயை மூடிக்கிட்டேன். வளையலைக்கூடக் கழட்டி வச்சுட்டேன். அவ என் மூஞ்சியைப் பாத்தா. நான் மெதுவா எடதுபக்கம் நகந்தேன். கண்ணு கூடவே வந்துச்சு. வலதுபக்கம் போனேன். கொஞ்சம் தேடுனா, தேடிப் புடிச்சுக்கிட்டா. மறுபடி போனேன், மறுபடி வந்தா. அப்புறம் பொக்கை வாயைத் தெறந்து சிரிச்சா.

எத்தனையோ நூறு புள்ளைங்க கண்ணுக்குள்ள நான் பாத்திருக்கேன் மதனு. ஒரு கண்ணு என்னைத் திருப்பிப் பாக்கறதை நான் இருந்து பாத்ததே இல்லை. படம் எடுத்து அனுப்பிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவேன். இன்னிக்குப் பாத்தேன். எவ்வளவு பெரிய விசயம் அது. நான் அங்கயே தரையில உக்காந்துட்டேன். ஷாலினி பயந்து ஓடி வந்தா, நான் சொன்னதும் அவளும் உக்காந்துட்டா. சம்பந்தியம்மா எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு என்னமோன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

வளந்தா கண்ணாடி போட வேண்டி வரும்னு வித்யா டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காங்க. போட்டுக்கட்டும்.

நீ அனுப்புன போட்டோவைப் பாத்தோம். என்ன தாடி அது, நெஞ்சு வரைக்கும்? கொச்சியிலயே ஒரு கடையைப் பாத்து மழிச்சுட்டு வா. அப்படியே வந்து நின்னீன்னா புள்ளை பயந்து அழும். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுதே.

அக்கா.